முதுகுப்பையோடு நாடு சுற்ற: யாழ்ப்பாணத்தில் இருந்து கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோண்டாவிலில் இருந்து புறப்பட்டு நேபாளம், தாய்லாந்து, வியட்நாம், மலேசியா என்று ஐந்து மாதம் ஒரே ஒரு முதுகுப்பையோடு சுற்றிவிட்டு வந்தேன். வந்த நாள் முதல் கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் பஸ்சிலும் ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஏ.எல். முடித்த பிள்ளைகளும் கேட்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். இலங்கைக் கடவுச்சீட்டோடு, யாழ்ப்பாணத்தில் இருந்து, சொந்தக் காசில் போகிறவருக்காக எழுதியது இது.

எத்தனை மாதம் முன்னதாகத் தொடங்க வேண்டும்?

ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ரிக்கற் எடுப்பது ஒரு நாள் வேலை. கடவுச்சீட்டு, தடுப்பூசி, காலைப் பழக்குவது, காசு சேர்ப்பது, இவைதான் நாளைத் தின்னும். பல் வைத்தியரிடம் போவதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். அதை யாரும் நினைப்பதில்லை. வீட்டில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த சொத்தைப் பல், பக்கத்தில் வைத்தியர் இல்லாத மலைக் கிராமத்தில்தான் வலிக்கத் தொடங்கும்.

கடவுச்சீட்டுக்குக் கொழும்புக்குப் போக வேண்டுமா?

இப்போது தேவையில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் 2025 செப்டம்பரில் யாழ் மாவட்டச் செயலகத்தில், அதாவது நம்முடைய கச்சேரியில், திறக்கப்பட்டது. அதற்கு முன் வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போய் விடியற்காலையில் வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். படத்தை மட்டும் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும். படத்தை அவர்களே இணையத்தில் அனுப்பிவிட்டு உங்களிடம் ஒரு துண்டு தருவார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள்.

ஏற்கெனவே கடவுச்சீட்டு இருந்தால் முடியும் திகதியைப் பாருங்கள். பல நாடுகள், தங்கள் மண்ணில் நுழையும் நாளில் அது இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும். நீண்ட பயணத்தில் அந்த ஆறு மாதத்தை வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் இருந்து எண்ணாதீர்கள், கடைசி நாட்டுக்குள் நுழையும் நாளில் இருந்து எண்ணுங்கள். ஐந்து மாதப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் மிச்சம் இருக்க வேண்டும்.

என் பெயரில் குடும்பப் பெயர் இல்லை. படிவத்தில் என்ன எழுதுவது?

நம் ஆட்களை அதிகம் அலைக்கழிக்கும் விஷயம் இது. நமக்கு அப்பா பெயர் ஒன்று, நம் பெயர் ஒன்று. கலியாணம் முடித்த பெண்களுக்குச் சில ஆவணத்தில் அப்பா பெயர், சில ஆவணத்தில் கணவர் பெயர். வெளிநாட்டுப் படிவங்களோ குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும்.

விதி ஒன்றே ஒன்றுதான்: கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு முதலில் வருவது குடும்பப் பெயர், இரட்டை அம்புக்குறிக்குப் பிறகு வருவது சொந்தப் பெயர். ரிக்கற், வீசா, காப்புறுதி எல்லாம் அந்த வரிப்படி இருக்கட்டும். ‘சிவ’ என்பதை ஒன்றில் ஒரு எழுத்தாலும் இன்னொன்றில் வேறு எழுத்தாலும் எழுதினால், விமான நிலையக் கவுண்டரில் அரை மணி நேரம் நிற்க வேண்டி வரும். ரிக்கற்றை உங்களுக்காக வேறு யாரும் எடுத்தால், காசு கட்டுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

நம் கடவுச்சீட்டுக்கு எந்த நாடு லேசு?

நினைப்பதைவிட அதிகம். நேபாளம், சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பின் நாட்டவர்களுக்கு வருடத்தில் முதல் தடவை 30 நாள் வீசாவைக் காசில்லாமல் விமான நிலையத்திலேயே தருகிறது. சிங்கப்பூருக்கு முன்கூட்டி வீசா வேண்டாம், போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் சரி. வியட்நாம் 2023 ஓகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை இ-வீசா கொடுக்கிறது. மலேசியாவுக்கு இ-வீசாவும் வேண்டும், வருகை அட்டையும் வேண்டும். தாய்லாந்து 2024 ஜூலையில் இலங்கை உட்பட 93 நாடுகளுக்கு 60 நாள் வீசா விலக்கு அறிவித்தது. அடுத்த வருடமே அந்த நாள்களைக் குறைப்பது பற்றிய பேச்சும் அங்கே எழுந்தது. 2025 மே முதல் அங்கேயும் இணைய வருகை அட்டை கட்டாயம்.

இப்படி விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், ரிக்கற் எடுக்கும் அன்று ஒரு தடவை, கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை என்று அந்தந்த நாட்டு அரசின் பக்கத்தைப் பாருங்கள். நான் எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வேறு யார் எழுதியதையும் மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். அப்புறம், இந்த வருகை அட்டைகளுக்குக் காசு இல்லை. அரச பக்கம் போலவே தோற்றம் காட்டிக் காசு கேட்கும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன.

கட்டுநாயக்கா வழியா, பலாலி வழியா?

எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காத்மாண்டு என்றால் கட்டுநாயக்கா. நானும் இரவு பஸ்சில்தான் போனேன். ஆனால் மலேசியாவோ சிங்கப்பூரோ என்றால் பலாலியையும் பாருங்கள். அங்கே உள்ள யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறந்தது. இடையில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மறுபடி வந்தது, 2025 மார்ச் கடைசியில் திருச்சிச் சேவையும் தொடங்கியது. திருச்சியில் இருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் மலிவு விலை விமானங்கள் உண்டு. நான் திரும்பி வந்தது கோலாலம்பூர், திருச்சி, பலாலி என்ற வழியில். விமானத்தால் இறங்கி முக்கால் மணி நேரத்தில் வீட்டில் தேத்தண்ணி குடித்தேன்.

ஒரு எச்சரிக்கை. தனித்தனி ரிக்கற்றாக எடுத்தால் திருச்சியில் குடிவரவைத் தாண்டிப் பையை எடுத்து மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு இந்திய வீசா தேவை. போகும்போதும் வரும்போதும் இந்தியாவில் இறங்குவதாக இருந்தால், ஒரு தடவை நுழைய விடுகிற வீசாவா, பல தடவை நுழைய விடுகிற வீசாவா என்று பார்த்து எடுங்கள். காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் இருக்கிறது, 2023 ஒக்டோபரில் தொடங்கியது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் ஓடாது. அடுத்த நாள் விமானம் பிடிக்க வேண்டியவர் அதை நம்ப வேண்டாம்.

எவ்வளவு காசு வேண்டும்?

எனக்கு நேபாளத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் சராசரியாக ஒரு நாளைக்கு 25 அமெரிக்க டொலர் முடிந்தது. பொது அறைக் கட்டில், தெருக்கடைச் சாப்பாடு, பஸ், ரயில், நுழைவுச்சீட்டு எல்லாம் இதற்குள். நாடு விட்டு நாடு பறக்கும் ரிக்கற் தனி. அதற்கு மேல், அவசரமாக வீடு திரும்ப ஒரு ரிக்கற் காசைத் தொடாமல் வைத்திருந்தேன். அந்தக் காசு இல்லாமல் கிளம்ப வேண்டாம் என்பேன். வீட்டில் யாருக்காவது ஒன்று என்றால் அன்றைக்கே ஏற முடிய வேண்டும்.

இரண்டு வங்கியின் அட்டைகளை எடுத்து, ஒன்றை உடம்போடும் மற்றதைப் பைக்குள்ளும் வையுங்கள். வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியை வங்கியில் சொல்லித் திறந்துவிடுங்கள். ஏ.டி.எம். திரையில் ‘இலங்கை ரூபாவில் கணக்கிடவா, உள்ளூர்க் காசில் கணக்கிடவா’ என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்க் காசைத் தெரிவு செய்யுங்கள். ரூபா என்று அமத்தினால், அந்த இயந்திரக்காரர் வைத்த மட்டமான மாற்று விலைதான் கிடைக்கும். தாய்லாந்து ஏ.டி.எம்.கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் 220 பாட்டுக்குக் குறையாமல் கழிக்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதைவிட ஒரேயடியாக எடுப்பது நல்லது.

இன்னொன்று, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு இலக்கம் இலங்கை நம்பருக்குத்தான் வரும். ரோமிங்கை ஊரிலேயே திறந்துவிட்டுப் போங்கள். காத்மாண்டுவில் ரிக்கற்றுக்குக் காசு கட்டப்போய், இலக்கம் வராமல் இரண்டு நாள் முடங்கிக் கிடந்தேன். கடைசியில் அண்ணா தன் அட்டையில் கட்டினார்.

எப்படிப்பட்ட பை? எவ்வளவு பாரம்?

40 லீற்றர் போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத்தான் கை போகும். பாரம் உங்கள் உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் நின்றால் நல்லது. மலிவு விலை விமானங்கள் சில கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதிக்கின்றன. அதற்குள் அடக்கிவிட்டால் ஒவ்வொரு பறப்பிலும் பைக்கான கட்டணம் மிஞ்சும்.

பை வாங்க 5 கிலோ அரிசிப் பை ஒன்றையும் 2 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றையும் கொண்டு போங்கள். வெறும் பையைத் தோளில் போட்டுப் பார்த்தால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். பாரத்தை உள்ளே வைத்து, முதலில் இடுப்புப் பட்டியைப் பூட்டுங்கள். அது வயிற்றைச் சுற்றி அல்ல, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். பிறகு தோள்பட்டியை இழுங்கள். பாரத்தின் பெரும்பங்கு இடுப்பில் இறங்கி, தோளுக்கும் பட்டிக்கும் இடையில் விரல் நுழைகிற மாதிரி இருந்தால் அந்தப் பை உங்களுடையது. கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடந்து பாருங்கள், கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

எதை எடுப்பது, எதை விடுவது என்று எனக்குக் கற்றுத்தந்தவர் பெரியப்பா. அவர் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு இரண்டு தடவை பாதயாத்திரை போனவர். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, பிறகு குமண, யால காடு என்று ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்ட நடை. முதுகுப்பைப் பயணம் வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்கிறவர்கள் அந்த யாத்திரிகர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். பெரியப்பாவின் துணிப்பையில் இருந்தவை: வேட்டி இரண்டு, துவாய் ஒன்று, செம்பு, திருநீற்றுப் பை, ஊசி நூல், சின்னக் கத்தி.

நான் முதல் தடவை அடுக்கிய பையை அவர் கடைத் தராசில் தூக்கி வைத்தார். 14 கிலோ. எல்லாவற்றையும் பாயில் கொட்டச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்து, “இதை நேற்றுத் தொட்டனியோ?” என்று கேட்டார். தொட்டது ஒரு பக்கம், தொடாதது ஒரு பக்கம். தலைமயிர் உலர்த்தும் கருவி, மூன்றாவது காற்சட்டை, தடித்த புத்தகங்கள் இரண்டு, ஒரு போத்தல் ஷாம்பூ எல்லாம் தொடாத பக்கம் போயின. மருந்துப் பொட்டலத்தை மட்டும் அவர் கேட்கவில்லை, அப்படியே தொட்ட பக்கம் வைத்தார். மறுபடி நிறுத்தபோது 7 கிலோ 800 கிராம். ஐந்து மாதத்தில் அந்தத் தொடாத பக்கத்துப் பொருள் ஒன்றைக்கூட நான் தேடவில்லை.

பயிற்சி எடுக்க வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் மலையே இல்லையே?

கட்டாயம் எடுக்க வேண்டும். பொருள் வாங்கச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை ஒத்திகைக்குக் கொடுங்கள் என்பதுதான் என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது.

முதல் ஒத்திகை வீட்டுக்குள். ஒரு கிழமை முழுக்க அந்தப் பைக்குள் இருப்பதை மட்டும் வைத்து வாழுங்கள். அலுமாரியைத் திறக்கக் கூடாது. அந்தச் சவுக்காரம், அந்தத் துவாய், அந்த இரண்டு சட்டை, அவ்வளவுதான். இரவு தோய்த்த சட்டை விடிய உலர்கிறதா என்று தெரிந்துவிடும். எனக்குப் பருத்திச் சட்டை மாரி நாளில் இரண்டாம் நாளும் ஈரமாகவே கிடந்தது, அதைத் தூக்கிவிட்டு விளையாட்டுச் சட்டைத் துணியில் இரண்டு எடுத்தேன்.

அடுத்தது நடை. முழுப் பாரத்தோடு, போகும்போது போடப் போகும் அதே சப்பாத்தோடு. நான் கோண்டாவிலில் இருந்து கீரிமலைக்கு விடியற்காலை நடந்தேன், கேணியில் குளித்துவிட்டு பஸ்சில் திரும்பினேன். பிறகு பண்ணைப் பாலத்தால் மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் வரை இரண்டு நாளாக நடந்து, படகில் நயினாதீவு. அந்த வழியில் நிழல் என்பதே அபூர்வம், இரண்டு பக்கமும் கடல், எதிர்க்காற்று. அங்கே பட்டி உரசித் தோளில் தோல் கழன்றது. சப்பாத்து அரை அளவு சின்னது என்பதையும் கட்டைவிரல் நகம் கறுத்த பிறகுதான் கண்டேன். நடக்க நடக்கக் கால் வீங்கும், அதனால் சப்பாத்தைப் பின்னேரத்தில், காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். இது ஊரிலேயே தெரிந்தது என் பாக்கியம்.

மலைக்குப் பதிலாக மணல் இருக்கிறது. வல்லிபுரத்துக்கு அப்பால் மணற்காட்டு மணற்குன்றுகளில் பையோடு ஏறி இறங்குங்கள். கால் புதையப் புதைய ஏறும்போது கெண்டைக்கால் படும் பாடு மலையில் படுகிற பாடுதான். கடைசியாக ஒரு தடவை உண்மையான ஏற்றம் வேண்டும் என்றால் சிவனொளிபாதமலை. 2,243 மீற்றர் உயரம், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். மார்கழிப் பூரணையில் இருந்து வெசாக் பூரணை வரை பருவகாலம், இரவில் விளக்கும் துணைக்கு ஆட்களும் இருக்கும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் பேசும். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இமயமலைக்கு எந்த மாதம்? குளிர் உடுப்பு எங்கே வாங்குவது?

ஒக்டோபர், நவம்பர் அல்லது மார்ச், ஏப்ரல். குளிர் உடுப்பை யாழ்ப்பாணத்தில் தேடி அலைய வேண்டாம். காத்மாண்டுவில் தமேல் என்ற பகுதி முழுக்க மலையேற்றக் கடைதான். தடித்த மேலங்கி, தூங்கும் பை எல்லாம் நாள் வாடகைக்கும் தருவார்கள். அன்னபூர்ணா பகுதிக்கான அனுமதிச் சீட்டு மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபா, சார்க் நாட்டவர் என்பதால் நான் 1,000 கட்டினேன். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வழிகாட்டியோடு போக வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது, அந்தச் செலவையும் சேருங்கள்.

நாம் கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். 3,000 மீற்றருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டாதீர்கள். தலையிடியும் வாந்தியும் வந்தால் ஏறுவதை நிறுத்துங்கள், குறையாவிட்டால் இறங்குங்கள். இளம் வயது, நல்ல உடம்பு என்பதெல்லாம் இதில் காப்பாற்றாது.

காத்மாண்டுவில் பசுபதிநாதர் கோயிலுக்குப் போகாமல் வராதீர்கள். இந்துக்களை மட்டுமே உள்ளே விடுவார்கள். வாசலில் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார்கள், நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்கள்.

உடுப்பில் ஒன்றே ஒன்று சொல்வதென்றால்?

சாரம். அண்ணாவின் பழைய சாரம் ஒன்றைக் கொண்டுபோனேன். பொது அறையில் கீழ்க்கட்டிலுக்குத் திரை, ரயிலில் போர்வை, அருவியில் குளிக்கும் உடுப்பு, பாங்கொக் கோயில்களில் காலை மூட, சந்தையில் வாங்கியதைக் கட்ட என்று எல்லாம் அதுதான். மழையில் நனைந்தாலும் காற்றில் சீக்கிரம் உலரும். அப்புறம், காற்சட்டை இடுப்புக்குள் பக்கமாகச் சிப் வைத்த ஒரு உள் பொக்கற்றை ஊர்த் தையல்கடையில் தைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் காசுப் பட்டியைவிட அது நல்லது.

மருந்து, தடுப்பூசி?

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே வைத்தியரைப் பாருங்கள். நெருப்புக்காய்ச்சல், ஹெப்படைட்டிஸ் ஏ தடுப்பூசிகள் பற்றிக் கேளுங்கள். ஆபிரிக்காவிலோ தென்னமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போனால், அதற்கான ஊசியைக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். கொழும்பில் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுவார்கள். அந்தச் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும்.

மலேரியாவை நாம் மறந்துவிட்டோம். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. ஆனால் நீங்கள் போகும் இடத்தில் அது இருக்கலாம். மலேரியாத் தடை இயக்கம் அப்படிப்பட்ட நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரையை இலவசமாகத் தருகிறது.

பைக்குள் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொட்டலங்கள், பனடோல், வயிற்றோட்ட மாத்திரை, கட்டுத்துணி, சித்தாலேபத் தைலம். தினமும் குடிக்கும் மருந்து இருந்தால், மருந்தின் பொதுப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியரின் துண்டோடு, வந்த பெட்டியிலேயே வையுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, நித்திரை மாத்திரை போன்றவற்றுக்குச் சிங்கப்பூர் போன்ற நாடுகளில் கடும் கட்டுப்பாடு உண்டு. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ கால் மணி நேரம் சவுக்காரத்தால் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும்.

காப்புறுதி தேவையா?

தேவை. எடுக்கும்போது மோட்டார் சைக்கிள் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். வாடகை ஸ்கூட்டரில் விழுவதுதான் தென்கிழக்கு ஆசியாவில் அடிக்கடி நடப்பது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கான அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடி விழுந்தால் காப்புறுதி ஒரு சதமும் தராது. சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இலங்கை ஓட்டோமொபைல் சங்கம் தருகிறது.

மின்சாரம், போன்?

நம் சதுர மூன்றுமுள் பிளக் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அப்படியே போகும். நேபாளத்துக்கு வட்ட முள், தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் இரட்டை முள். பவர் பாங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடக் கூடாது. 20,000 மில்லி ஆம்பியர் வரை பிரச்சினை இல்லை. ஆவணங்களின் படங்களைப் போனில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி, வீட்டில் காகிதத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

மரக்கறிக்காரருக்குச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. நேபாளத்தில் தால் பாத், அதாவது சோறும் பருப்பும் மரக்கறியும். கேட்கக் கேட்கப் போடுவார்கள். தாய்லாந்தில் ‘ஜே’ என்ற சொல்லையும் வியட்நாமில் ‘சாய்’ என்ற சொல்லையும் படித்துக்கொள்ளுங்கள், மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று எழுதிய கடையைத் தாய்லாந்தில் எங்கும் காணலாம். வியட்நாமியர் பலர் நம்மைப் போலவே அமாவாசையும் பூரணையும் மரக்கறி சாப்பிடுகிறவர்கள். ஹனோயில் ஒரு பூரணை நாளில், தெருமுனையில் பத்து ஆச்சிமார் டோஃபு சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள், நானும் போய் நின்றேன். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்சில் நம் ஆட்கள் கட்டிய கந்தசுவாமி கோயில் இருக்கிறது. ஊர் நினைப்பு முட்டினால் அங்கே போய்க் கொஞ்ச நேரம் இருங்கள்.

ஊரில் இருந்து எள்ளுருண்டை, பனங்கட்டி கொஞ்சம் கொண்டுபோகலாம். மலையில் நடக்கும்போது ஒரு துண்டு பனங்கட்டியும் தண்ணீரும் தெம்பு தரும். கசகசாவைச் சிங்கப்பூருக்கும் துபாய் வழியாகவும் கொண்டுபோகவே வேண்டாம், அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள்.

விமான நிலையத்தில் ஏன் இவ்வளவு கேள்வி கேட்கிறார்கள்?

நம் ஊரில் ‘வெளிநாடு போறான்’ என்றால் திரும்ப மாட்டான் என்றுதான் அர்த்தம். அதிகாரிகளுக்கும் அந்த நினைப்பு இருக்கிறது. தனியாகப் போகும் இளம் ஆளை, அதுவும் ஒருவழி ரிக்கற்றோடு வந்தால், விமானக் கவுண்டரிலேயே துருவிக் கேட்பார்கள். திரும்பும் ரிக்கற் அல்லது அடுத்த நாட்டுக்கான ரிக்கற், முதல் சில நாள் தங்கும் இடம், வங்கிக் கணக்குக் கூற்று, வேலையில் லீவுக் கடிதம், இவற்றை அச்சடித்து ஒரு கோப்பில் வையுங்கள். கேட்டதற்கு மட்டும், உள்ளதை உள்ளபடி, அமைதியாகச் சொல்லுங்கள்.

போகிற இடத்தில் வேலை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார், போகலாமா?

போகாதீர்கள். சுற்றுலா வீசாவில் வேலை என்பது எந்த நாட்டிலும் சட்டவிரோதம். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப்போய், மே சோட் எல்லைக்கு அப்பால் மியான்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைத்து வைக்கப்பட்டவர்களில் இலங்கைப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2024 இல் பலர் மீட்கப்பட்டு வந்தார்கள். பயணத்தில் பழகிய ஒருவர், நல்ல சம்பளம், ரிக்கற்றும் நாங்களே எடுத்துத் தருகிறோம் என்றால், பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளை தனியாகப் போகலாமா?

நான் போனேன். பயம் இருந்தது, இருக்கத்தான் வேண்டும். புது ஊருக்கு இருட்டிய பிறகு போய் இறங்குவதில்லை என்று ஒரு முடிவு எடுத்து, அதற்காக இரண்டு தடவை கூடக் காசு கொடுத்துப் பகல் பஸ் எடுத்தேன். பெண்களுக்கு மட்டுமான பொது அறைகள் அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. தங்கும் இடத்தின் பெயரை யாருக்கும் சொல்லாதீர்கள். ஒரு இடத்தில் மனம் சரியில்லை என்று பட்டால் காரணம் தேட வேண்டாம், காசு போனாலும் அடுத்த இடத்துக்கு மாறுங்கள். எனக்குக் கெட்டவர்களைவிட நல்லவர்கள்தான் அதிகம் கிடைத்தார்கள். மழையில் பஸ் தவறி நின்ற ஒரு பின்னேரம், பொக்காராவில் தேத்தண்ணிக் கடை அக்கா ஒருவர் தன் மகளின் அறையில் படுக்க விட்டார்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

கடைசி நேரத்தில் சொல்லாதீர்கள். நான் வரைபடத்தை அடுப்படி மேசையில் விரித்து, எந்தத் திகதியில் எங்கே என்று பென்சிலால் அம்மாவையே குறிக்கச் சொன்னேன். “எட பிள்ளை, இவ்வளவு தூரமே?” என்று கேட்டவர், பிறகு அந்த வரைபடத்தைக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். ஒவ்வொரு நாளும் பேசுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், மலையில் சிக்னல் இருக்காது. இரவு எட்டு மணிக்கு ஒரு வரிச் செய்தி, வர முடியாத நாள்களை முன்கூட்டியே சொல்வது, இரண்டு நாள் தாண்டிச் செய்தி இல்லை என்றால் யாரை அழைப்பது என்ற நம்பர், இவ்வளவும் போதும். நேபாளம் நம்மைவிட 15 நிமிடம் முந்தி, தாய்லாந்தும் வியட்நாமும் ஒன்றரை மணி நேரம், மலேசியா இரண்டரை மணி நேரம். அதை அம்மாவின் வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு கவனிக்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்தெந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். இங்கே காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு என்றுதான் பார்ப்பார்கள். மலேரியா சில வேளை ஈரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்துத் தலைகாட்டும். இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், உங்களுக்காக மட்டும் அல்ல. அதைப் பரப்பும் நுளம்பு நம் ஊரில் இன்னும் இருக்கிறது.